ஃப்ளாஸ்க்: சில சரித்திரக் குறிப்புகள்

காபிக்கு நம்மிடம் ஒரு சரித்திரம் எழுதப்பட்டுவிட்டது. ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற கட்டுரை, அந்தப் பானம் தமிழ் மத்தியதர வர்க்கத்தின் வீட்டுக்குள் எப்படி நுழைந்தது, அதற்கு எப்படிப்பட்ட வசவுகள் கிடைத்தன என்பதையெல்லாம் சொல்லிவிட்டது. ஆனால் அந்தக் காபியை எதில் ஊற்றிக் கொண்டுபோனார்கள் என்ற கேள்வி கேட்கப்படாமலே கிடக்கிறது. நம் சரித்திர உணர்வு பானத்தோடு நின்றுவிடுகிறது. பாத்திரம் வரைக்கும் இறங்கி வருவதில்லை. பாத்திரம் என்றால் ஒன்று புதைபொருள் இலாகாவின் விஷயம், அல்லது பெண்களின் விஷயம் என்று நமக்குள் ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. பயணத்துக்கு ஒரு ஃப்ளாஸ்க் வாங்கப் போகிறவனுக்கு முன்னால் கடைக்காரர் பத்து விதங்களை அடுக்கி வைக்கிறார். அந்தப் பத்துக்கும் பின்னால் நூற்றுச் சொச்சம் வருஷத்துக் கதை ஒன்று இருக்கிறது. தெரிந்துகொள்ளாமலும் வாங்கலாம். தெரிந்துகொண்டால் தேர்வு சற்று மாறும் என்பது என் கட்சி.

இந்தக் கலம் காபிக்காகப் பிறந்ததில்லை. சூட்டுக்காகக்கூடப் பிறந்ததில்லை. இதன் தகப்பனார் ஜேம்ஸ் டூவர், ஸ்காட்லாந்துக்காரர், 1842-இல் பிறந்தவர். லண்டனில் ராயல் இன்ஸ்டிட்யூஷனில், முன்பு ஃபாரடே உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்து, வாயுக்களைக் குளிரவைத்துத் திரவமாக்குவதில் ஆயுளைச் செலவழித்தார். திரவ ஆக்ஸிஜன் பூஜ்யத்துக்குக் கீழே 183 டிகிரியில் கொதிக்கிற வஸ்து. அதைச் சாதாரணக் கண்ணாடிக் குவளையில் ஊற்றினால், நம் அறையின் வெப்பமே அதற்கு அடுப்பு. கொதித்துக் காற்றோடு போய்விடும். செய்வது கஷ்டம், செய்ததை வைத்துக்கொள்வது அதைவிடக் கஷ்டம். 1892-இல் டூவர் ஒரு குவளைக்குள் இன்னொரு குவளையை வைத்து, இரண்டின் கழுத்தையும் ஒட்டி, நடுவில் இருந்த காற்றை வெளியேற்றினார். காற்றில்லாத இடத்தைத் தாண்டி வெப்பம் கடத்தலாலோ சலனத்தாலோ வர முடியாது. கதிராக வரலாம். அதைத் தடுக்கச் சுவரில் கண்ணாடிக்கு ரசம் பூசுவதுபோல வெள்ளி பூசினார். முன்பு அவர் இடைவெளியில் பாதரச ஆவியை நிரப்பியிருந்தபோது, குளிரில் அது சுவரில் உறைந்து தானாகவே ஒரு கண்ணாடியாகப் படிந்ததும் இந்த யோசனைக்குக் காரணம் என்பார்கள். இரட்டைச் சுவர், வெற்றிடம், வெள்ளிப் பூச்சு. கண்ணாடி ஃப்ளாஸ்க்கில் இன்றைக்கும் இதற்கு மேல் ஒன்றுமில்லை.

டூவருக்கு முன்பே 1881-இல் ஜெர்மனியில் வைன்ஹோல்ட் என்ற ஆசிரியர் இரட்டைச் சுவர் வெற்றிடக் குடுவை ஒன்றைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆகவே முதல் என்பதில் வழக்கம்போல் தகராறு உண்டு. டூவரின் வாழ்க்கையே தகராறுகளால் ஆனது. உதவியாளர்களுடன் ஒத்துப்போகவில்லை, ஹீலியம் கையிலிருந்த ராம்ஸேயுடன் பேச்சுவார்த்தை இல்லை. 1898-இல் ஹைட்ரஜனைத் திரவமாக்கியவருக்கு ஹீலியம் கிடைக்காமல் போயிற்று. 1908-இல் லெய்டன் நகரில் கமர்லிங் ஓன்னஸ் அதைச் செய்து முடித்தார். ஓன்னஸ் ஹீலியத்தைப் பிடித்துவைத்ததும் டூவர் வகுத்த மாதிரியான குடுவையில்தான் என்பது விஞ்ஞான சரித்திரத்தின் சிறிய குரூரங்களில் ஒன்று.

டூவர் தன் குடுவைக்குக் காப்புரிமை எடுக்கவில்லை. இதை வைத்து அவரை ஒரு துறவியாகச் சித்திரிக்கும் வழக்கம் இருக்கிறது. விஞ்ஞானி, லாபம் கருதாதவர், உலகத்துக்குக் கொடுத்துவிட்டார் என்று. எனக்கு இது ஒப்பவில்லை. இதே டூவர் 1889-இல் ஃப்ரெடரிக் ஏபலுடன் சேர்ந்து கார்டைட் என்ற வெடிமருந்துக்குக் காப்புரிமை எடுத்தவர். அந்த வெடிமருந்து தன்னுடையதன் நகல் என்று ஆல்ஃப்ரெட் நோபல் தரப்பு தொடுத்த வழக்கு, பிரபுக்கள் சபை வரை போய் 1895-இல் நோபலுக்கு எதிராக முடிந்தது. காப்புரிமை என்றால் என்னவென்று டூவருக்கு நன்றாகத் தெரியும். துப்பாக்கிக்கு உள்ளே போகிற பொருளுக்கு விலை உண்டு என்று தெரிந்தது. சமையலறைக்குப் போகக்கூடிய பொருளுக்கு விலை உண்டு என்று தோன்றவில்லை. அவ்வளவுதான். அது துறவு அல்ல, அந்தக் காலத்துப் பேராசிரியரின் பார்வை எல்லை. ஆய்வுசாலையிலிருந்து அடுக்களைக்குப் பாதை போகிறது என்பதை அவர் நினைக்கவேயில்லை.

நினைத்தவர் கைவினைஞர் ஒருவர். ரைன்ஹோல்ட் பர்கர், பெர்லினில் எக்ஸ்ரே குழாய்களும் ஆய்வுசாலைக் கண்ணாடிகளும் செய்தவர். திரவக் காற்றுக்கான கலங்களைச் செய்துகொண்டிருந்தவருக்கு, குளிர் உள்ளே தங்குமானால் சூடும் உள்ளே தங்கும் என்று பட்டிருக்கிறது. இந்தத் திருப்பத்தில் விஞ்ஞானம் எதுவுமில்லை; பௌதிகத்தைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே. ஆனால் சரித்திரத்தைப் பொறுத்தவரை எல்லாம் இதில்தான் இருக்கிறது. கண்ணாடிக்குடுவையை உலோக உறைக்குள் வைத்து, அதிர்ச்சி தாங்கும்படி முட்டுக்கொடுத்து, மூடியையே கோப்பையாக்கி 1903-இல் ஜெர்மன் காப்புரிமை பெற்றார். மறுவருஷம் பெயருக்கு ஒரு போட்டி வைத்து, கிரேக்கச் சொல்லிலிருந்து 'தெர்மாஸ்' என்ற பெயர் வந்தது. டூவர் அப்போதுதான் விழித்துக்கொண்டு நீதிமன்றம் போனார். தோற்றார். குடுவை செய்யும் முறை அதற்குள் பலர் கைக்கும் போய்விட்டிருந்தது. 1907-இல் இந்தப் பெயரை வைத்துக்கொண்டு புரூக்ளினிலும் லண்டன் டாட்டன்ஹாமிலும் மான்ட்ரியாலிலும் மூன்று கம்பெனிகள் வியாபாரம் ஆரம்பித்தன.

விளம்பரத்தின் வெற்றியே அந்தப் பெயருக்கு யமனாகவும் வந்தது. தெர்மாஸ் என்றால் அந்தப் பொருள் என்றே அமெரிக்காவில் ஜனங்கள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அலாடின் என்ற போட்டிக் கம்பெனிக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், 1962-இல் கீழ்க்கோர்ட்டும் 1963-இல் மேல்முறையீட்டுக் கோர்ட்டும் அந்தச் சொல் பொதுச்சொல்லாகிவிட்டது என்று தீர்ப்புச் சொல்லின. பொருளைக் கண்டுபிடித்தவனிடமிருந்து செய்தவன் எடுத்துக்கொண்டான். பேரை வைத்தவனிடமிருந்து பேசுகிறவன் எடுத்துக்கொண்டான். மொழியைப் பற்றி யோசிக்கிறவர்கள் சற்று நின்று பார்க்க வேண்டிய இடம் இது.

எஃகுக்கு வேறு வம்சாவளி. மின்சாரப் பொறியியலில் மின்மாற்றியோடு சேர்த்துச் சொல்லப்படும் வில்லியம் ஸ்டான்லி 1913-இல் கண்ணாடியே இல்லாத எஃகு வெற்றிடக் குடுவையைக் கொண்டுவந்தார். உடையாது, ஆனால் கனம். கையில் தூக்கிப்போகக் கூடிய லேசான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குடுவையை 1978-இல் ஜப்பானின் நிப்பான் சான்ஸோ கம்பெனி செய்தது. அதன் தொழிலே வாயுக்கள் தயாரிப்பது. 1989-இல் அதுவே தெர்மாஸ் கம்பெனியை விலைக்கு வாங்கிற்று. திரவ ஆக்ஸிஜனை வைக்கப் பிறந்த பாத்திரம் சுற்றிச் சுற்றி ஆக்ஸிஜன் விற்கிறவன் வீட்டுக்கே போய்ச் சேர்ந்தது.

நம் பக்கம் வருகிறேன். இங்கே பல வருஷங்களுக்கு ஃப்ளாஸ்க் என்றால் ஈகிள். அது புனாவுக்குப் பக்கத்தில் தலேகாவில் தயாரானது. அதே தலேகாவில்தான் 1908-இல் ஜனங்களிடம் ஒரு பைசா ஒரு பைசாவாக வசூலித்த சுதேசி நிதியில் 'பைசா ஃபண்ட்' கண்ணாடித் தொழிற்சாலை தொடங்கியது.

ஆனால் ஃப்ளாஸ்க் வருவதற்கு முன்பு தமிழ்ப் பயணிக்கு ஒரு பாத்திரம் இருந்தது: கூஜா. பித்தளையில் ஈயம் பூசியது, வசதிப்பட்டவர்களுக்கு வெள்ளியில், பிறகு எவர்சில்வரில். திருகு மூடி, தூக்குவதற்கு வளைந்த கைப்பிடி. கூஜா சூட்டைக் காக்காது. அது காத்தது வேறொன்றை. வெளியூர்த் தண்ணீரைக் குடிக்காமல், யார் கை பட்டதோ என்று தெரியாத ஒன்றை வாயில் வைக்காமல் ஊர் போய்ச் சேர்வதற்கான சாதனம் அது. தென்னிந்திய ரயில் நிலைய உணவுச்சாலைகளில் பிராமணர்களுக்கென்று தனி இடம் இருந்தது; 1941-இல்தான், பெரியாரின் கிளர்ச்சிக்குப் பின், அது ஒழிந்தது. அந்த ரயில்களில்தான் கூஜா பயணம் செய்தது. எஜமானர் முன்னால் நடக்க, ஓர் ஆள் கூஜாவைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தான். 'கூஜா தூக்குகிறான்' என்ற வசவு நமக்குக் கிடைத்தது இப்படித்தான். பாத்திரம் வழக்கொழிந்தபின்னும் வசவு வழக்கில் இருக்கிறது. நம் விமர்சன உலகத்தில் அதற்குத் தேவையும் குறையவில்லை.

ஃப்ளாஸ்க் இந்தக் கூஜாவின் இடத்தில் வந்து உட்கார்ந்தது. சூடு என்பது அதன் பகிரங்கமான காரணம். அதற்கு அடியில், வீட்டுக் காபியை வீட்டிலிருந்தே கொண்டுபோகிற பழைய பிடிவாதமும் தொடர்ந்தது என்று நான் நினைக்கிறேன். டீக்கடையில் இரட்டைக் குவளை வைத்திருந்த சமூகத்தில், தன் கோப்பையைத் தானே மூடியாகச் சுமந்துவரும் பாத்திரம் வெறும் சௌகரியம் அல்ல. இதைச் சுத்தமாகவும் சொல்லலாம், தீட்டாகவும் சொல்லலாம். ஒருவர் வாயிலிருந்தே இரண்டு சொல்லும் வரும், கேட்கிறவர் யார் என்பதைப் பொறுத்து.

இருந்தாலும் ஃப்ளாஸ்க் கூஜாவைப்போல ஒரு சாதிக்குள் நிற்கவில்லை. அது ஆஸ்பத்திரி வழியாக எல்லோர் வீட்டுக்கும் போயிற்று. ஒயர் கூடை, அதில் ஒரு ஃப்ளாஸ்க், பக்கத்தில் ரொட்டியோ ஆரஞ்சோ: சர்க்கார் ஆஸ்பத்திரி வாசலில் பார்வை நேரத்துக்குக் காத்திருக்கும் இந்தச் சித்திரம் எந்தச் சாதிக்கும் உரியதில்லை. வெந்நீர், பால், கஞ்சி. வருஷம் முழுதும் பரணில் இருந்து, பிரசவத்துக்கும் காய்ச்சலுக்கும் மட்டும் இறங்கி வரும் பாத்திரம். பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கி வரலாம். அதில் கௌரவக் குறைவு இல்லை. உள்ளே கண்ணாடி உடைந்தால் ரீஃபில் மட்டும் வாங்கி மாற்றிக்கொள்ளலாம். ஆட்டிப் பார்த்தால் கேட்கும் அந்தச் சலசலப்பு, வெள்ளி பூசிய சில்லுகள் கொட்டும் சத்தம், நம் தலைமுறையின் காதில் இன்னும் இருக்கிறது. ஊற்றிக் குடிப்பதற்கு முன் ஒருமுறை ஆட்டிப் பார்ப்பது அந்தப் பயத்தில் வந்த பழக்கம்.

இனி, என்ன வாங்குவது. கண்ணாடியா எஃகா என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. எஃகு கண்ணாடியைவிட வெகுவாக வெப்பத்தைக் கடத்தும். வெற்றிடம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கழுத்து வழியே சூடு ஏறிப் போய்க்கொண்டிருக்கும். அதனால்தான் நல்ல எஃகுக் குடுவையின் கழுத்து மெல்லிய தகடாகவும் குறுகலாகவும் இருக்கும். அகன்ற வாய் கழுவச் சுலபம், சூட்டுக்குச் சத்துரு. கண்ணாடியில் நேற்றைய வாசனை தங்காது. எஃகில், முக்கியமாக அதன் மூடியில், தங்கும். ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் எஃகு. வீட்டு மேஜைக்கும், நகராத நோயாளிக்கும் கண்ணாடி. கடையில் வெற்றிடக் குடுவைக்குப் பக்கத்திலேயே, சுவர்களுக்கு நடுவில் வெறும் நுரைப்பொருள் அடைத்தவையும் அதே பளபளப்போடு நிற்கின்றன. கொதிக்கும் நீரை ஊற்றி மூடிச் சில நிமிஷம் கழித்து வெளிப்புறத்தைத் தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். உடம்பு சுடுமானால் அங்கே வெற்றிடம் இல்லை. அளவில் கஞ்சத்தனம் வேண்டாம், பேராசையும் வேண்டாம். பெரியது சின்னதைவிடச் சூடு காக்கும், ஆனால் நிரம்பியிருந்தால்தான். பாதி நிரம்பிய ஒரு லிட்டரைவிட நிரம்பிய அரை லிட்டர் மேல்.

வாய் வைத்து உறிஞ்சும் புது மாதிரிகளை எனக்குப் பிடிக்கவில்லை. நம்முடைய டம்ளருக்கு விளிம்பு இருப்பது அண்ணாந்து ஊற்றிக்கொள்வதற்காக. எச்சில் என்ற நம் கருத்தில் தீட்டின் பங்கை நான் மறுக்கவில்லை. ஆனால் உறிஞ்சும் குடுவையை இன்னொருவரிடம் நீட்ட முடியாது என்பதும் உண்மை. கோப்பை மூடி உள்ளதை வாங்கினால் எதிர் சீட்டுக்காரருக்கு முதல் கோப்பையைக் கொடுக்கலாம்.

ருசியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஃப்ளாஸ்க் சூட்டைத்தான் காக்கும், காபியைக் காக்காது. பால் கலந்த காபியை மணிக்கணக்கில் சூட்டிலேயே வைத்தால் பால் வெந்துகொண்டே போகிறது. டிகாக்ஷனின் மணம் கலைந்து, புளிப்பும் கசப்பும் மேலே வருகின்றன. தேநீர் இலையோடு இருந்தால் சாயம் இறங்கிக்கொண்டே இருக்கும். வடிகட்டியதைத்தான் ஊற்ற வேண்டும். 60 டிகிரிக்குக் கீழே இறங்கி வெதுவெதுப்பில் நெடுநேரம் நின்ற பாலில் கிருமிகள் பெருகும். சாயங்காலத்துக்குக் காலைக் காபியை வைத்துக்கொள்வது சிக்கனம் அல்ல. சொல்லப்போனால், பாலை மட்டும் நன்றாகக் காய்ச்சி ஃப்ளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டு, டிகாக்ஷனைத் தனியாக ஒரு சின்னப் புட்டியில் சூடாக்காமலே எடுத்துப்போவதுதான் சரி. குடிக்கிற நேரத்தில் கலந்துகொள்ளலாம். ஊற்றுவதற்கு முன் வெந்நீரால் குடுவையை ஐந்து நிமிஷம் சூடேற்றிக் கொட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் காபியின் முதல் சூட்டைக் குடுவையின் சுவரே தின்றுவிடும்.

காலியான குடுவையை மூடி வைக்கக் கூடாது. கழுவித் திறந்தே கவிழ்த்து வைக்க வேண்டும். மூடிக்குள் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. அதைத் தனியே கழற்றிக் கழுவாதவர் வீட்டு ஃப்ளாஸ்க்கில் நான் காபி குடிப்பதில்லை.