நாற்காலியை அறுத்த கார் டிசைனர்

ஒரு பலகையை நேராக அறுக்க என்ன வேண்டும்? ‘ரம்பம்’ என்பீர்கள். சரி, ரம்பம் வந்தாச்சு. அறுக்க ஆரம்பித்த இரண்டாவது நிமிஷமே புரிந்துவிடும்... ரம்பத்தைவிட முக்கியமான ஏதோ ஒன்று குறைகிறது என்று! பலகை துள்ளும், நழுவும், திரும்பிக்கொள்ளும். அதை அசையாமல் பிடித்துக்கொள்ள இன்னொரு ஆள் வேண்டும். ஆள் இல்லாவிட்டால், ஒரு பெஞ்ச் வேண்டும்.

தச்சு வேலை எவ்வளவு பழசோ, இந்தப் பிரச்னையும் அவ்வளவு பழசு. நம்ம ஊர் ஆசாரி தரையில் உட்கார்ந்து, கால்களாலேயே மரத்துக்குக் கிடுக்கிப்பிடி போட்டுவிடுவார். ரோமானியர்கள் தடித்த பலகை ஒன்றுக்குக் கால்கள் வைத்துப் பெஞ்ச் செய்துகொண்டார்கள். ஜெர்மனியில் சால்பர்க் என்ற ரோமானியக் கோட்டையின் பழைய கிணறுகளிலிருந்து அப்படிப்பட்ட பெஞ்ச்கள் கிடைத்திருக்கின்றன. வயசு, ஏறக்குறைய 1,800 வருஷம்!

பதினெட்டாம் நூற்றாண்டில் பாரீஸ் நகரத்துத் தச்சர் ரூபோ, தன் தொழிலைப் பற்றிப் பிரமாண்டமாக ஒரு புத்தகமே எழுதினார். அதில் அவர் படம் போட்டு விளக்கும் பெஞ்ச்சின் மேல்பலகை மட்டுமே ஐந்தாறு அங்குல தடிமன்! ரோம் ஆகட்டும், பாரீஸ் ஆகட்டும்... சூத்திரம் ஒன்றுதான். பெஞ்ச் கனமாக இருந்தால் ஆடாது.

தினமும் அதே வேலையாக இருக்கிறவருக்கு இது சரி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ரம்பத்தை எடுக்கிறவர் என்ன செய்வார்? இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இங்கிலாந்தில் அப்படிப்பட்டவர்கள் பெருகிப்போனார்கள். வீட்டு அலமாரியா? நாமே செய்துவிடலாம். கதவு ரிப்பேரா? நாமே பார்த்துக்கொள்ளலாம். ஆனால், அந்தக் கனமான பெஞ்ச்சை வாங்கப் பணமும் வேண்டும், வைக்க இடமும் வேண்டும். இரண்டும் இல்லாதவர்களுக்குச் சாப்பாட்டு மேஜையும் நாற்காலியும்தான் கதி.

அந்தக் கூட்டத்தில் ஒருவர், ரான் ஹிக்மன்.

தென்னாப்பிரிக்காவின் கிரேடவுன் என்ற ஊரில் 1932-ல் பிறந்தவர். 1950-களின் மத்தியில் லண்டனுக்கு வந்து, ஃபோர்டு கம்பெனியில் கார்களுக்கு மாதிரி வடிவம் செய்யும் வேலையில் சேர்ந்தார். பிறகு லோட்டஸ் கம்பெனிக்கு மாறினார். 1962-ல் வெளிவந்து, கார் பிரியர்களைக் கிறங்கடித்த ‘லோட்டஸ் எலான்’ ஸ்போர்ட்ஸ் காரை உருவாக்கியதில் முக்கியப் பங்கு இவருடையது.

எலான் வெளிவருவதற்கு முந்தைய வருஷம், 1961. ஹிக்மன் தன் வீட்டுக்குத் துணி அலமாரி செய்துகொண்டிருந்தார். பெஞ்ச் இல்லை. விலை உயர்ந்த ஸ்வீடன் நாட்டு நாற்காலி ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பலகையை அதன்மேல் வைத்து அறுத்தார். பலகை அறுந்தது... கூடவே நாற்காலியும்!

நாமாக இருந்தால் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஹிக்மன் யோசித்தார். மடக்கி மூலையில் சாத்தி வைக்கிற அளவுக்கு எடை குறைவாக, ஆனால் வேலை செய்யும்போது அசையாமல் நிற்கிற மாதிரி ஒரு பெஞ்ச் செய்ய முடியுமா?

அவர் கண்டுபிடித்த வழி ரொம்ப எளிமையானது. மேல்பலகையை இரண்டாகப் பிரித்தார். ஒன்று அசையாது. இன்னொன்று, இரண்டு கைப்பிடிகளைத் திருகினால் முன்னும் பின்னும் நகரும். ஆக, மேஜையே ஒரு பெரிய ‘வைஸ்’! நடுவில் மரத்தை வைத்து இறுக்கினால் பிடித்துக்கொள்ளும். இரண்டு கைப்பிடிகளையும் தனித்தனியாகத் திருகலாம் என்பதால், ஒரு பக்கம் அகலமும் மறுபக்கம் குறுகலுமாக இருக்கிற கட்டையும் சிக்கிக்கொள்ளும்.

சரி, கனத்துக்கு என்ன செய்வது? கீழே கால் வைத்து மிதித்துக்கொள்ள ஓர் இடம் கொடுத்தார். வேலை செய்கிறவரின் உடம்பு எடையே பெஞ்ச்சை நகராமல் அழுத்திப் பிடித்தது. ரூபோ ஐந்தாறு அங்குலப் பலகையில் தேடிய கனம், இங்கே காசு செலவில்லாமல் கிடைத்தது.

இனி சுலபம்தானே, கம்பெனிகள் க்யூவில் நின்றிருக்குமே என்றுதான் தோன்றும். நடந்தது வேறு. கருவிகள் செய்வதில் பேர் போன ஸ்டான்லி கம்பெனி கதவைச் சாத்தியது. இது நூற்றுக்கணக்கில்கூட விற்காது, டஜன் கணக்கில்தான் போகும் என்பது அவர்கள் கணிப்பு. பிளாக் அண்ட் டெக்கர் கம்பெனியும் முதலில் வேண்டாம் என்றுதான் சொன்னது.

தச்சரிடம் ஏற்கெனவே பெஞ்ச் இருக்கிறது, இதை யார் வாங்குவார்கள் என்று கணக்குப் போட்டால் அந்தப் பதில் நியாயமாகத்தான் தோன்றும். ஹிக்மன் செய்ததோ தச்சருக்காக அல்ல, பெஞ்ச்சே இல்லாதவனுக்காக! அவன் எந்தக் கம்பெனியின் விற்பனைக் கணக்கிலும் அதுவரை வந்ததே இல்லை. வாங்காதவனைக் கணக்குப் புத்தகத்தில் தேடினால் எப்படிக் கிடைப்பான்?

ஹிக்மன் 1967-ல் லோட்டஸை விட்டு வெளியே வந்தார். அடுத்த வருஷமே தானே தயாரித்து, தபால் மூலமும் கண்காட்சிகளிலும் விற்க ஆரம்பித்தார். டஜன் கணக்கு தாண்டியது. நூறு தாண்டியது. ஆயிரங்களில் போனது. ‘வேண்டாம்’ என்ற பிளாக் அண்ட் டெக்கர் மனசு மாறி வந்து ஒப்பந்தம் போட்டது. 1973-ல் இருந்து அந்தக் கம்பெனி பெரிய அளவில் தயாரிக்க ஆரம்பித்தது. பெயர், ‘ஒர்க்மேட்’. விற்கும் ஒவ்வொரு பெஞ்ச்சுக்கும் ஹிக்மனுக்கு ராயல்டி!

உடனே காப்பியடிக்கிறவர்கள் கிளம்பினார்கள். ஹிக்மன் பேடன்ட் வாங்கி வைத்திருந்ததால் கோர்ட்டுக்குப் போனார். ‘இதில் என்ன புதுசு இருக்கிறது? யாருக்கும் தோன்றக்கூடியதுதானே’ என்கிற ரீதியில் எதிர்த்தரப்பு வாதாடியது. முதலில் ‘யார் வாங்குவார்கள்’ என்றார்கள்... கோடிக்கணக்கில் விற்றதும், ‘இது யாருக்குத்தான் தோன்றாது’ என்கிறார்கள்! பேடன்ட் நிலைத்தது, ஹிக்மன் ஜெயித்தார்.

1977-ல் ஜெர்ஸி தீவில் குடியேறிய ஹிக்மனுக்கு, 1994-ல் பிரிட்டிஷ் அரசு ஓ.பி.இ. விருது கொடுத்தது. 2011 பிப்ரவரியில், 78 வயதில் அவர் காலமானபோது, உலகம் முழுக்க விற்றிருந்த ஒர்க்மேட்களின் எண்ணிக்கை குறைந்தபட்சம் மூன்று கோடி. டஜன் கணக்கில் சொல்வதென்றால், 25 லட்சம் டஜன்!