கரடிக்கு ஒரு பாலம்

படையெடுப்பு என்றால் சரித்திரப் புத்தகத்தில் குதிரையும் வாளும் வருகின்றன. தாரும் ஜல்லியும் கொண்டு நடந்த படையெடுப்புகளையும் அதில் சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி.

கனடா தேசத்தில், ராக்கி மலைகளின் மடியில், பான்ஃப் என்ற வனம் இருக்கிறது. 1885-ல் அங்குள்ள வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றிக் கொஞ்சம் நிலத்தை அரசாங்கம் ஒதுக்கி வைத்தது. அதுவே வளர்ந்து அந்நாட்டின் முதல் தேசியப் பூங்கா ஆயிற்று. 1962-ல் கனடாவைக் குறுக்கே கடக்கும் நெடுஞ்சாலை திறக்கப்பட்டது. அது இந்த வனத்தின் பள்ளத்தாக்கு வழியாகவே போகிறது. மலைநாட்டில் பள்ளத்தாக்குதான் மனிதனுக்குச் சௌகரியம். மானுக்கும் அதுவே சௌகரியம். விளைவைச் சொல்லவா வேண்டும்? மோட்டார்கள் பெருகப் பெருக, மிருகங்கள் அடிபட்டு மடிந்தன. மனிதர்களுக்கும் ஆபத்து வந்தது.

1980-களில் சாலையை அகலமாக்கத் தொடங்கியபோது, இருபுறமும் 2.4 மீட்டர் உயரத்துக்குக் கம்பி வேலி எழும்பிற்று. வேலி உயிரைக் காக்கும். ஆனால் காட்டை இரண்டாக அறுத்துவிடும். ஆற்றுக்கு அக்கரையில் இரையும் இக்கரையில் இணையும் இருந்தால் பிராணி என்ன செய்யும்? ஆகவே சாலைக்கு அடியில் வழிகள் விட்டார்கள். 1990-களில் இன்னும் ஒரு படி மேலே போய், சாலைக்கு மேலேயே 50 மீட்டர் அகலத்தில் இரண்டு பாலங்கள் கட்டி, மண் கொட்டி, அந்த மண்ணுக்குரிய மரஞ்செடிகளை நட்டார்கள்.

"கரடிக்குப் பாலமா? வரிப்பணம் பாழ்!" என்று சிரித்தவர்கள் உண்டு. அவர்களுக்குச் சாதகமாகத்தான் கதை தொடங்கிற்று. எல்க் என்ற பெரிய மான்கள் சீக்கிரமே பாலத்துக்குப் பழகிவிட்டன. கிரிஸ்லி கரடிகளோ எளிதில் நம்பவில்லை. பழகுவதற்கு ஐந்து வருஷம் வரை ஆயிற்று. 1996 முதல் ஆராய்ச்சியாளர்கள் மண்ணில் பதிந்த காலடிகளை எண்ணிக்கொண்டே பொறுமையாக இருந்தார்கள். பின்னர் முள்கம்பியில் சிக்கிய ரோமத்தைச் சோதித்ததில், பாலம் கடந்த கரடிகள் மறுபுறத்தில் குட்டி போட்டுக் குடும்பம் நடத்துவதும் தெரிந்தது. 6 மேம்பாலங்களும் 38 அடிவழிகளுமாக வேலை வளர்ந்தது. மிருகங்கள் வாகனத்தில் மோதுவது நூற்றுக்கு 80-க்கு மேல் குறைந்தது.

இரண்டாவது வருஷத்திலேயே கணக்குப் பார்த்திருந்தால், கரடியைப் பொறுத்தவரை பாலம் தோல்வி என்றே தீர்ப்பு எழுதியிருப்பார்கள். காட்டை வெட்டச் சில மாதம் போதும். ஒரு கரடியின் நம்பிக்கையைத் திரும்பப் பெற ஐந்து வருஷம் வேண்டும். பரிகாரம் செய்ய விரும்புகிறவர்கள், செலவுக் கணக்கில் இந்தக் காத்திருப்பையும் ஒரு தொகையாக எழுதிக்கொள்ள வேண்டும்.