பேச்சும் மூச்சும்

ஒரே மூச்சில் உரக்க எண்ணிப் பாருங்கள். ஓரிடத்தில் குரல் நின்று மூச்சு உள்ளே இழுக்கப்படும். உங்களைக் கேட்டா அது நடந்தது? வகுப்பில் மணிக்கணக்காகப் பேசும் என்னையும் அது கேட்பதில்லை!

கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் ரோமாபுரியில், அலறும் பன்றியின் குரல்வளை நரம்புகளைப் பலர் முன்னிலையில் கட்டிக் காட்டினார் மருத்துவர் கேலன். அலறல் நின்றது, உயிர் போகவில்லை. கொடிய சோதனைதான். ஆனால் இதயத்திலிருந்தே குரல் எழுகிறது என்ற கருத்து ஆட்டங்கண்டது.

மூச்சை ஆள்வது முகுளம் என 1811-இல் முயல்களில் கண்டார் லெகல்லுவா. மூச்சின் தாளத்தைப் பிறப்பிக்கும் சிறு நரம்பணுக் கூட்டம் அங்கே 1991-இல் அடையாளம் காணப்பட்டது.

இவ்விரண்டும் இணைவது எப்படி? 2024-இல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் சுண்டெலிகளில் விடை கண்டனர். குரல்நாண்களை நெருக்கும் நரம்பணுக்களை, மூச்சை உள்ளிழுக்கும் வேளையில் அந்தக் கூட்டம் அடக்கிவிடுகிறது. இந்தத் தடை குலைந்த எலிகளில் குரலும் மூச்சும் ஒன்றையொன்று இடறின.