வந்தாறுமூலைப் பட்டியல்

இண்டைக்கு நாங்க விரிவுரைக்குப் போய்வாற கிழக்குப் பல்கலைக்கழக வளாகம், 1990 செப்டம்பரில் ஒரு அகதி முகாம். சுத்துப்பட்டுக் கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கான சனம் வந்து தங்கியிருந்தது. 5ஆம் திகதி ராணுவம் உள்ளே வந்து 158 பேரைக் கொண்டுபோனது. 23ஆம் திகதி இன்னும் 16 பேர். அவங்க திரும்பி வரல்ல.

மட்டக்களப்பு சமாதானக் குழு இதைப் பற்றி அரசிடம் கேட்டது. 32 பேரைத்தான் பிடித்தோம், 24 மணித்தியாலத்துக்குள் விட்டுவிட்டோம் என்று பதில் வந்தது. ஒரு தாய் தனியாகப் போய் முகாம் வாசலில் நிண்டிருந்தா, ‘உங்கட மகன் எங்களிட்ட இல்ல’ என்ற ஒரு சொல்லோட கதை முடிஞ்சிருக்கும். 158 பெயர் ஒரு தாளில் சேர்ந்த பிறகு அப்படி அனுப்பிவிடுறது லேசில்ல. 1994இல் அமைக்கப்பட்ட, கே. பாலகிட்ணர் தலைமையிலான வடக்கு கிழக்கு ஆணைக்குழு இதே சம்பவத்தை விசாரிக்க வேண்டி வந்தது.

இப்ப நிறுவனங்கள் இந்த வேலையை ‘பரிந்துபேசல்’ எண்டு சொல்லுது. அப்ப அதுக்குப் பெயரே இல்ல. தெரிஞ்ச ஆள் ஒருவர் கூட வருவார், கடிதம் எழுதித் தருவார், அவ்வளவுதான். ஆனா அந்த ‘அவ்வளவுதான்’ சின்ன விசயமா? தமிழும் அரசகரும மொழியெண்டு 1987இல் சட்டம் வந்தது. அதுக்குப் பிறகும் பொலிஸில் வாக்குமூலம் சிங்களத்தில்தான் எழுதப்பட்டது. தான் சொன்னதுதான் தாளில் இருக்கா எண்டு பார்க்கத் தெரியாமலே தாய்மார் கையெழுத்து வைச்சாங்க.

சமாதானக் குழுவில் இருந்தவர்களில் ஒருவர் ஹரி மில்லர் அடிகளார். 1948இல் அமெரிக்காவிலிருந்து வந்து புனித மிக்கேல் கல்லூரியில் படிப்பிச்சவர். அவருடைய சபையைச் சேர்ந்த யூஜின் ஹேபர்ட் அடிகளார் 1990 ஓகஸ்ட் 15இல் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வாற வழியில் காணாமல் போனார். காணாமல் போனவங்களைத் தேடினவங்களுக்கும் தேட ஒரு ஆள் இருந்தது.

யாருக்கும் கட்டுப்படாமல் நிக்கிறது லேசான காரியமில்ல. அதே ஓகஸ்ட் 3ஆம் திகதிதான் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோரைப் புலிகள் சுட்டுக்கொன்றார்கள். ராணுவம் செய்ததை மட்டும் எழுதுற குறிப்புப் புத்தகத்தைக் காத்தான்குடித் தாய் எப்படி நம்புவா? கட்சியோ இயக்கமோ அந்த இடத்தில் உதவாது எண்டுதான் நான் நினைக்கிறன்.

1995இல் வேறொரு சிக்கல் வந்தது. காணாமல் போனவரை இறந்தவராகப் பதிய இடம்தரும் சட்டம் வந்தது. நட்டஈடு வேணுமெண்டா மரணச் சான்றிதழ் வேணும். அந்தப் படிவத்தில் கையெழுத்து வைக்கிறதெண்டா, ‘என்ட புள்ள செத்துட்டான்’ எண்டு தாயே எழுதிக் குடுக்கிற மாதிரி. பக்கத்தில் நிக்கிறவர் இந்தக் கட்டத்தில் ‘வையுங்க அம்மா’ எண்டும் சொல்லக்கூடாது, ‘வைக்காதீங்க’ எண்டும் சொல்லக்கூடாது. வைச்சா என்ன, வைக்காட்டி என்ன எண்டு விளங்கப்படுத்திப்போட்டு, பேனையை அவட கையிலேயே விட வேணும். சிலர் வைச்சாங்க, பிள்ளைகளைப் படிப்பிக்கக் காசு வேணும். சிலர் வைக்கவே இல்ல. செத்தவர் எண்டு எழுதாமல், காணவில்லை எண்டு மட்டும் குறிக்கிற சான்றிதழுக்கு 2016இல்தான் சட்டம் இடம் குடுத்தது. வந்தாறுமூலைக்குப் பிறகு 26 வருசம்.