8,157-ல் 609: தென்னாற்காட்டுப் பள்ளிக்கணக்கு

பள்ளிக்கூடங்களைப் பற்றிய பழைய புள்ளிவிவரங்களை எக்செல்லில் ஏற்றிப் பார்ப்பது கொஞ்ச நாளாக என் சனிக்கிழமை வேலை. தரம்பால் 1983-ல் வெளியிட்ட 'தி பியூட்டிஃபுல் ட்ரீ' புத்தகத்திலிருந்து ஆரம்பித்தேன். 1822-ல் சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ, ஊர் ஊராக எத்தனை பள்ளிகள், எந்தெந்த சாதிப் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று கலெக்டர்களிடம் கணக்குக் கேட்டார். மாகாணம் முழுக்க 11,575 பள்ளிகள், 1,57,195 மாணவர்கள் என்று பதில் வந்தது. எங்கள் காடாம்புலியூர் அப்போது இருந்த தென்னாற்காட்டில், மாணவர்களில் 84 சதவீதத்துக்கும் மேல் சூத்திரர்களும் 'பிற சாதியாரும்'. பிராமணர் உள்ளிட்ட மேல்வர்ணத்தார் சுமார் 13 சதவீதம்தான்.

இந்த 84-ஐ வைத்து இன்றைக்கும் வாட்ஸப்பில் சண்டை நடக்கிறது. "பார்த்தீங்களா, அந்தக் காலத்துல எல்லாரும்தான் படிச்சாங்க" என்பார்கள். முதலில் பார்த்தபோது எனக்கும் அப்படித்தான் தோன்றியது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டேட்டாபேஸ் வேலை பார்ப்பவனுக்கு 'பிற' என்று ஒரு காலம் இருந்தாலே கை அரிக்கும். அதற்குள் யார் யார்? சேரிப் பிள்ளைகளுக்கென்று அந்தப் படிவத்தில் தனி இடமே கிடையாது. தவிர, படிவம் எண்ணியது பள்ளிக்குள் இருந்தவர்களை. வாசலுக்கு வெளியே நின்ற பையனுக்கு அதில் வரிசை இல்லை. நிலவுடைமைச் சாதிகள் படித்தார்கள் என்பதற்கு 84 நல்ல சான்று. அதற்கு மேல் அது தாங்காது.

வேறு கேள்வியைக் கேட்ட கணக்கு 97 வருஷம் கழித்து வந்தது. 'யார் படிக்கிறார்கள்' என்பதை விட்டுவிட்டு, 'பஞ்சமப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்கிறீர்களா' என்று கேட்டார்கள். 1919-ல் வெளியான விடை: பொது நிர்வாகத்தில் இருந்த 8,157 பள்ளிகளில் சேர்த்துக்கொண்டவை 609. நூற்றுக்கு ஏழரை. (1822-ல் எண்ணியவை பெரும்பாலும் தனியார் திண்ணைப் பள்ளிகள், 1919-ல் எண்ணியவை அரசுப் பணத்தில் நடந்தவை. இரண்டையும் ஒரே கிராஃபில் போடக்கூடாது. நான் போட்டுவிட்டுப் பிறகு அழித்தேன்.)

காரணம் என்ன சொன்னார்கள் என்பதுதான் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. சட்டம் தடுக்கவில்லை. பள்ளி அக்கிரகாரத்தில் இருக்கிறது. கோயிலிலோ சாவடியிலோ நடக்கிறது. வாடகைக் கட்டிடம், உரிமையாளர் ஒத்துக்கொள்ளமாட்டார். அதாவது பள்ளிக்கூடம் பொது, ஆனால் அதற்குப் போகிற தெரு பொது இல்லை. பையனை யாரும் டி.சி. கொடுத்து அனுப்ப வேண்டிய அவசியமே வரவில்லை. அமெரிக்காவில் 1968 முதல் மத்திய அரசு பள்ளிகளில் இனவாரியாகத் தகவல் திரட்டுகிறது; கறுப்பினப் பிள்ளைகள் மற்றவர்களைவிட அதிகமாக இடைநீக்கம் செய்யப்படுவது அதில் தெரிகிறது. உள்ளே போனவனைத்தான் வெளியே அனுப்பமுடியும். இங்கே அந்தக் கட்டத்துக்கே வரவில்லை.

இதற்கு மாற்று எங்கள் மாவட்டத்திலேயே முளைத்தது. சுவாமி சகஜானந்தர் 1916-ல் சிதம்பரத்தில் பள்ளி ஆரம்பித்தார். வைத்த பெயர் நந்தனார். கோயிலுக்குள் விடப்படாத நந்தன் பெயரில், அதே ஊரில், ஒரு பள்ளிக்கூடம்! இந்தப் பக்கத்தில் பல குடும்பங்களின் முதல் பட்டதாரிகளைக் கேட்டால் அந்தப் பெயர் வரும்.

அரசும் தன் பங்குக்கு லேபர் இலாகா மூலம் தனிப்பள்ளிகள் திறந்தது. இலாகா பிறகு அரிஜன நலத்துறை ஆனது, அப்புறம் ஆதிதிராவிடர் நலத்துறை. இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள். கதவு திறக்காத ஊர்களில் இவை இல்லையென்றால் ஒரு தலைமுறைக்கு எழுத்தே கிடைத்திருக்காது. ஆனால் பொதுத்தேர்வு முடிவுகளில் இவற்றின் தேர்ச்சி விகிதம் மாநில சராசரிக்குக் கீழேயே இருந்துவருகிறது. 2023 பட்ஜெட்டில் இவற்றைப் பள்ளிக்கல்வித் துறையோடு இணைப்பதாக அரசு அறிவித்தது. அதற்கு எதிர்ப்பும் வந்தது. பள்ளிகளின் நிலமும் வேலைவாய்ப்பும் கைவிட்டுப் போகும் என்ற பயம். எனக்கு இணைப்புதான் சரி என்று படுகிறது. ஆனால் ஊருக்குள் பிறந்தவனுக்கு அப்படிச் சொல்வது சுலபம் என்பதும் தெரியும்.

சின்ன வயசில் பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன் ஆறாவதில்தான் எங்களோடு சேர்ந்தான். அஞ்சாவது வரை 'காலனி ஸ்கூல்'. வீட்டுக்குப் பக்கம், அதனால் அங்கே படித்தான் என்றுதான் நினைத்திருந்தேன். போன பொங்கலுக்கு அந்த ஊருக்குப் போனபோது, முந்திரி கமிஷன் மண்டி வாசலில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவரிடம், முன்னாடி திண்ணைப் பள்ளி எங்கே நடந்தது என்று கேட்டேன். இடத்தைக் காட்டினார். "அவங்கள்லாம் வரமாட்டாங்க தம்பி, தூரம்" என்றார். காலனியிலிருந்து நடந்து பார்த்தேன். நாலு நிமிஷம்.