இதயத்தசைச் சீரமைப்பின் வரலாறு: உயிரணுவும் சாரமும்

மாரடைப்பில் மடிந்த இதயத்தசை மீண்டும் வளர்வதில்லை. சுருங்கி விரியாத வடுத்திசுவே அவ்விடத்தை நிரப்புகிறது. அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கரிமம்-14ஐ அளவுகோலாகக் கொண்டு, சுவீடன் ஆய்வாளர்கள் 2009இல் இதயத்தசை உயிரணுக்களின் வயதைக் கணித்தனர். இருபத்தைந்து வயதில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 விழுக்காடும், எழுபத்தைந்தில் அதில் பாதிக்கும் குறைவாகவுமே அவை புதுப்பிக்கப்படுகின்றன. ஒரு பெரிய மாரடைப்பிலோ நூறு கோடி உயிரணுக்கள் வரை அழியக்கூடும்.

இவ்விழப்பை ஈடுசெய்ய உயிரணுவைச் செலுத்தினாலே போதும் என்ற நம்பிக்கை ஒரு காலத்தில் மேலோங்கியிருந்தது. எலும்பு மச்சை உயிரணுக்கள் சுண்டெலியின் இதயத்தில் தசையாக மாறியதாக 2001இல் பியெரோ அன்வெர்சா குழுவினர் அறிவித்தனர். 2004இல் வேறு இரு குழுக்கள் ஆராய்ந்தபோது அவ்வாறு மாறவில்லை. ஆயினும் மனிதர்களிடையே சோதனைகள் தொடர்ந்தன. 2018இல்தான் அவ்வாய்வகத்தின் 31 கட்டுரைகளைத் திரும்பப் பெறுமாறு ஹார்வர்டு மருத்துவப் பள்ளி பரிந்துரைத்தது. மறுப்பு வெளிவந்து பதினான்கு ஆண்டுகள் கழிந்தது, பிழையைவிடக் கவலைக்குரியது. ஏற்பளிக்கப்பட்ட ஆய்வுக்கு வெளியே இதயநோய்க்குக் குருத்தணுச் சிகிச்சை கூடாது என்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறை தெளிவாக்கியது.

திசுப் பொறியியல் வேறு வழியில் சென்றது. தாமஸ் எஷன்ஹாகன் 1997இல் கோழிக்கரு இதய உயிரணுக்களைக் கொலாஜன் சாரத்தில் வளர்த்துத் துடிக்கச் செய்தார். கொத்தனார் கட்டும் சாரம் கட்டடம் எழுந்தபின் பிரிக்கப்படுவதுபோல, இச்சாரமும் திசு உருவானபின் கரைய வேண்டும். இத்துறைக்கு இதனினும் பொருந்திய தமிழ்ச்சொல் அரிது. சாரமின்றி உயிரணுத் தாள்களை உருவாக்கிய சப்பானியர், ஒசாகாவில் 2020 சனவரியில் அவ்வகை ஒட்டொன்றை நோயாளியின் இதயத்தில் பொருத்தினர்.

திருவனந்தபுரத்தின் ஸ்ரீசித்திரை நிறுவனம் சாரத்தையே பற்றிக்கொண்டது. அங்கு வலியத்தான் தலைமையில் உருவான செயற்கை இதய வால்வு, முந்தைய மூன்று மாதிரிகள் தோற்றபின் நான்காவதாக 1990 திசம்பரில் மனிதருக்குப் பொருத்தப்பட்டது. பொருள்களை நீண்டகாலம் சோதிக்கும் அப்பழக்கத்தின் தொடர்ச்சியாகவே, பன்றியின் பித்தப்பையிலிருந்து உயிரணுக்களை நீக்கிப் பெற்ற சாரத்தைக் கருதலாம். மாரடைப்புக்குப் பிந்தைய வடுவை அது எலிகளில் குறைத்ததாக அந்நிறுவன ஆய்வாளர்கள் வெளியிட்டனர். எனினும் மனிதருக்கு ஒப்புதல் பெற்ற அதன் வடிவம் தோற்புண்ணுக்கானதே.

எனவே தருமபுரி மாவட்டத்து இண்டூரில் ஒருவருக்கு மாரடைப்பு நேர்ந்தால், இன்று அவரது தசையைக் காப்பது ஒட்டன்று, அடைப்பு நீங்கும் விரைவே. சிறு மருத்துவமனைகளைப் பெருமருத்துவமனைகளோடு இணைத்த தமிழ்நாட்டுத் திட்டம் ஒன்றில் ஓராண்டு இறப்பு 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2 ஆகக் குறைந்ததாக 2017இல் பதிவாகியுள்ளது.