தெலுக்கான்சன் எங்கே இருக்கிறது?



பாகான் டத்தோ வட்டாரத்துத் தென்னந்தோட்டம் ஒன்றில் வளர்ந்தவன் நான். எங்கள் கடல் மணற்கரை உடையதன்று. சேறும் கண்டல் காடும் சூழ்ந்தது. அலையைப் பாடநூற்படத்தில்தான் கண்டோம். கடல் அருகில் உண்டு என்பதை, பெருக்கு நாள்களில் வாய்க்காலில் ஏறிவரும் உவர்நீரும், மதகை அடைக்க விரைந்தோடும் ஆட்களுமே உணர்த்தினர்.

என் பிறப்புப் பத்திரத்தில் 'தெலுக் ஆன்சன்' என்றுள்ளது. எங்கள் வாய்மொழியில் தெலுக்கான்சன். அண்மையில் என் பேரன் அதனை வரைபடத்தில் தேடிக் காணாது என்னிடம் வந்தான். பினாங்கில் ஆட்சிப் பொறுப்பு வகித்த ஆன்சன் என்னும் ஆங்கிலேயரின் பெயரைத் தாங்கிய அந்நகர், 1982-இல் தெலுக் இந்தான் ஆயிற்று. 'தெலுக்' என்றால் விரிகுடா. ஊரோ பேராக் ஆற்றின் வளைவில் கிடக்கிறது! பாகான் டத்தோவும் 2017-இல் கீழ்ப்பேராக்கிலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. பிறந்த மண் இருந்த இடத்திலேயே இருக்க, அதன் முகவரி மட்டும் இருமுறை மாறிவிட்டது.

இன்று நாம் கூடியிருக்கும் தாப்பாவும் வழிப்போக்கரைத் திகைக்க வைத்த ஊர்தான். 1893-இல் தெலுக் ஆன்சன் துறையிலிருந்து வந்த இருப்புப்பாதை ஊருக்குள் வரவில்லை; சில கல் தள்ளியே நிலையம் அமைந்தது. அதற்குத் 'தாப்பா ரோடு' என்று பெயர். முதன்முறை வந்த என் தந்தையார் அங்கே இறங்கி, ஊரைத் தேடி வெயிலில் நடந்த கதையைச் சொல்லிச் சிரிப்பார். கேமரன் மலைக்குப் போகும் சாலை இங்கே தொடங்குகிறது. மலையோ பகாங்குக்கு உரியது.

இவை சிரித்து மறக்கத்தக்கவை. டிண்டிங்ஸ் அவ்வாறன்று. 1874-ஆம் ஆண்டுப் பங்கோர் உடன்படிக்கையை அடுத்து, லூமுட் உள்ளிட்ட அக்கடலோரம் நீரிணைக் குடியேற்றங்களைச் சேர்ந்ததாக ஆளப்பட்டது. 1935-இல்தான் பேராக்கிடம் திரும்பியது. ஆகவே 1930-இல் லூமுட்டில் பிறந்த குழந்தை, அங்குப் பிறந்ததனாலேயே பிரித்தானியப் பிரஜை. எல்லைக்கு இப்பால், பேராக் மண்ணில் பிறந்த குழந்தைக்குப் பிறப்பிடம் அவ்வுரிமையைத் தரவில்லை. இரு குழந்தைகளின் பெற்றோரும் ஒரே கப்பலில் வந்திறங்கியவர்களாகவும் இருந்திருக்கலாம்.

என் அத்தை லூமுட்டில் பிறந்தவர். குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோது, 'பிறந்த மாநிலம்' என்னும் கட்டத்தில் என்ன எழுதுவதென்று எங்கள் வீட்டில் ஒரு மாலை முழுதும் பேச்சு நடந்தது. அவருடைய பத்திரத்தில் பேராக் என்னும் சொல்லே இல்லை. இறுதியில் டிண்டிங்ஸ் என்றே எழுதிக் கொடுத்தார். மனுவை வாங்கிய எழுத்தர் அதனை அடித்துவிட்டு, பக்கத்தில் பேராக் என்று எழுதிக்கொண்டார்.